முதுகிலேயே வரும் பிரசவ வலி: கூட இருப்பவர் என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தலைப்பிரசவம்_சேலம்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வாரம் முடிந்துவிட்டது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை கீழேதான் இருக்கிறது, ஆனால் அதன் முதுகு என் முதுகுப் பக்கமாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. "இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்காதே, வலி எடுத்த பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும்" என்றார் டாக்டர்.

என் பெரியம்மா மகளுக்கும் இதே மாதிரி இருந்ததாம். வயிற்றில் வலியே தெரியாமல், மொத்த வலியும் இடுப்புக்குப் பின்னால், வால் எலும்புக்கு மேலே வந்ததாம். இரண்டு வலிக்கு நடுவிலும் முழுசாக விடவே இல்லை என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து ராத்திரி தூக்கம் வருவதில்லை. குனிந்து வீடு பெருக்கு, கையால் தரையைத் துடை, குழந்தை தானாகத் திரும்பும் என்கிறார் மாமியார். செய்துகொண்டுதான் இருக்கிறேன். உண்மையிலேயே திரும்புமா?

பிரசவம் அரசு மருத்துவமனையில். அம்மாதான் கூட இருப்பார். அவருக்கு இப்போதே எதையாவது சொல்லிக்கொடுத்து வைக்கலாமா?

மதுரைக்காரி

தங்கச்சி, முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. எனக்கு இரண்டாவது பிரசவத்தில் வலி முழுக்க முதுகில்தான் வந்தது. படுக்கவே முடியவில்லை. மல்லாந்து படுத்தபோதெல்லாம் வலி இரண்டு மடங்கானது. எழுந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்ற பிறகுதான் மூச்சு விட முடிந்தது. என் அத்தை பின்னாலிருந்து உள்ளங்கையால் அழுத்தினார். அவர் கையை எடுத்தால் நான் கத்துவேன், வைத்தால் அடங்குவேன். எனக்குத் தெரிந்து அதற்கு ஈடான மருந்து அன்றைக்கு வேறு இல்லை.

ஓய்வுபெற்ற_நர்ஸ்_ஈரோடு

கண்ணு, லேபர் வார்டில் நிறைய வருஷம் வேலை பார்த்தவள் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நிதானமாகப் படி. அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக்காட்டு.

உன் ஸ்கேனில் வந்திருப்பது பயப்படும் சங்கதி இல்லை. வலி ஆரம்பிக்கும் நேரத்தில் நிறையக் குழந்தைகள் அப்படித்தான் இருக்கும். இறங்க இறங்க, இடுப்பெலும்பின் வடிவத்துக்கு ஏற்பத் தலையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடும். கடைசிவரை திரும்பாமல், முகம் மேலே பார்த்தபடி பிறப்பவை நூற்றுக்கு ஐந்து, எட்டு என்ற அளவில்தான். அவற்றிலும் பல சுகப்பிரசவமாகவே பிறக்கும், கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். இன்னொன்று, முதுகில் வலி வருகிறவர்கள் எல்லாருக்கும் குழந்தை இந்த நிலையில் இருப்பதில்லை. இந்த நிலையில் இருக்கும் எல்லாருக்கும் முதுகில் வலி வருவதும் இல்லை. அதனால் ஸ்கேன் பேப்பரைப் பார்த்து இன்றைக்கே வலியை எண்ணிக்கொண்டு உட்காராதே.

மாமியார் சொல்வதைச் செய்வதில் தப்பில்லை, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதனால் குழந்தை திரும்பிவிடும் என்று நம்பிக்கை வைக்காதே. ஆஸ்திரேலியாவில் 2,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து இதையே சோதித்துப் பார்த்து, 2004ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 37ஆம் வாரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம், கையும் முழங்காலும் ஊன்றி இருக்கச் சொன்னார்கள். பிறக்கும் நேரத்தில் குழந்தை இருந்த நிலையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அதே நிலையை வலி வந்த பிறகு எடுத்தவர்களுக்கு முதுகு வலி குறைந்தது என்று வேறொரு ஆய்வில் தெரிந்தது. ஆக, குழந்தையைத் திருப்புவதற்கு இல்லை என்றாலும் உன் வலிக்கு அது உதவும். இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்.

இப்போது அம்மாவுக்கு. நீ நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தின் மேல் கையை மடக்கிச் சாய்ந்துகொள். இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் கீழ் நோக்கிக் குறுகிப் போகும் தட்டையான எலும்பு இருக்கிறதே, அங்கேதான் அழுத்த வேண்டும். விரலால் இல்லை, உள்ளங்கையின் அடிப்பாகத்தால். முழங்கை மடங்காமல் நேராக இருக்கட்டும், உடம்பின் எடையைக் கை வழியாக இறக்கட்டும். வெறும் கை பலத்தில் அழுத்தினால் பத்து நிமிடத்தில் அம்மாவுக்குத் தோள் போய்விடும்.

வலி ஏற ஆரம்பிக்கும்போதே அழுத்த வேண்டும். உச்சிக்குப் போன பிறகு அழுத்தினால் பாதிப் பலன்தான். வலி இறங்கும்போது கையை மெல்ல எடுக்கணும், சட்டென்று இல்லை. தேய்க்க வேண்டாம். மணிக்கணக்கில் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். தேய்த்தால்தான் இதமாக இருக்கிறது என்றால் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளட்டும். குழந்தை இறங்க இறங்க அழுத்த வேண்டிய இடமும் கீழே இறங்கும். "இன்னும் கீழே" என்று நீ சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நீ கோபமாகச் சொல்வாய், அம்மா அதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

தலைப்பிரசவம்_சேலம்

ரொம்ப நன்றி சிஸ்டர். இன்றைக்குச் சாயந்திரமே அம்மாவை வைத்துச் செய்து பார்த்தேன். அழுத்தும்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ரொம்ப நேரம் நிற்க முடியாது. அப்புறம், வலி வயிற்றில் வராமல் முதுகில் மட்டும் வந்தால் அது சூட்டு வலியா, நிஜ வலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற_நர்ஸ்_ஈரோடு

முதுகு வலிக்கும்போது வயிற்றில் கையை வைத்துப் பார். நிஜ வலியாக இருந்தால், வலி தெரிவது முதுகில் என்றாலும் வயிறு கெட்டியாகும், அப்புறம் தளரும். போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வா. இடைவெளி குறைந்துகொண்டே வந்து, வலி நீண்டு, நடந்தாலும் படுத்தாலும் நிற்கவில்லை என்றால் கிளம்பு. சீரகக் கஷாயம் போட்டுக் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதே. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், யார் கொடுத்தாலும்.

அம்மா உட்கார்ந்துகொண்டே செய்ய ஒரு வழி இருக்கிறது. நீ முதுகை நேராக வைத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைச் சற்று அகட்டி, பாதத்தைத் தரையில் பதித்துக்கொள். அம்மா எதிரே தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, உன் இரண்டு முழங்காலிலும் உள்ளங்கையை வைத்து, உன் இடுப்பை நோக்கி நேராகத் தள்ளட்டும். தொடை எலும்பு வழியாக அந்த அழுத்தம் இடுப்பின் பின்பக்கம் போய்ச் சேரும். எல்லாருக்கும் கேட்காது, கேட்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

அப்பாவாகப்போறேன்

கேட்கலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். என் மனைவிக்கு அடுத்த மாதம் தேதி. நானும் கூட இருக்க விரும்புகிறேன். டென்னிஸ் பந்தை வைத்து அழுத்தலாம் என்று எங்கோ படித்தேன். அது சரியா? ஆண்களை உள்ளே விடுவார்களா?

மதுரைக்காரி

தம்பி, கேட்டது நல்லதுதான். பந்து வைக்கலாம். உள்ளங்கைக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் கை சீக்கிரம் சோராது. ஆனால் எலும்பின் நடுமேட்டில் வைக்காதீர்கள், பக்கத்துச் சதையில் வையுங்கள்.

உங்களை மாதிரி கைபலம் உள்ளவர்களுக்கு இன்னொரு முறை பொருந்தும். மனைவி முன்னால் சாய்ந்து நிற்க, நீங்கள் பின்னால் நின்று, பிட்டத்தின் இரண்டு பக்கச் சதையிலும் உள்ளங்கையைப் பதித்து, இரண்டையும் நடுவை நோக்கி, கொஞ்சம் மேல்வாக்கில் அமுக்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கை வைத்தால் அவருக்கு வலிக்கும், அதற்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். வீட்டில் முதலில் பழகிப் பாருங்கள்.

விடுவார்களா என்பது இடத்தைப் பொறுத்தது. தனியார் மருத்துவமனைகளில் கணவரை விடும் இடங்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் ஒரே கூடத்தில் பல கட்டில் இருந்தால், மற்றப் பெண்களின் மறைவுக்காகப் பெண் துணையைத்தான் விடுவார்கள். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

யாழ்ப்பெண்

வணக்கம் சகோதரிகளே. எனக்கு யாழ்ப்பாணத்தில் மகன் பிறந்தவர். நோ தொடங்கினதே நாரியில்தான், அதாவது இடுப்புக்குப் பின்பக்கம். முதலில் நாரி உளைவு என்று நினைச்சு, நானும் அம்மாவும் பேசாமல் இருந்திட்டம். எங்கட பகுதிக்கு வாற மருத்துவ மாது அக்கா அன்றைக்குத் தற்செயலாக வீட்டுக்கு வந்தவா. என்னைப் பார்த்த உடனே, "இது நாரி உளைவில்லை பிள்ளை, வெளிக்கிடுங்கோ" என்றா.

எனக்கு உதவினது சுடுதண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போக முதல் வீட்டிலேயே சூடு பொறுக்கிற அளவில் வாளியில் தண்ணி எடுத்து, நான் சின்ன முக்காலியில் முன்னுக்குக் குனிஞ்சு இருக்க, அம்மா நாரியில் மெதுவாக ஊத்திக்கொண்டே இருந்தா. அந்த நேரம் நோ இல்லாமல் போகேல்லை, ஆனால் பல்லைக் கடிக்காமல் இருக்க முடிஞ்சது. ஆஸ்பத்திரியில் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுத்தி வைச்சம். சிலருக்குச் சூடு ஒத்துவராது, ஐஸ்தான் சுகம் என்று சொல்லுவினம். இரண்டையும் முயற்சி செய்து பாருங்கோ.

ஓய்வுபெற்ற_நர்ஸ்_ஈரோடு

யாழ்ப்பாணத்துத் தங்கை சொன்னது முக்கியமான விஷயம். ஒத்தடம் கொடுக்கும்போது கூட இருப்பவர் முதலில் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வலி தெரியாமல் மரத்துப்போக முதுகில் போடும் எபிடூரல் ஊசி போட்டிருந்தால் ஒத்தடமே கூடாது, மரத்த தோலில் சுட்டாலும் தெரியாது.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குழந்தை இறங்கவும் இடைஞ்சல், முதுகு வலியும் கூடும். உந்துதல் வருகிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு வா. எழுந்து நடந்த மாதிரியும் ஆச்சு.

நம்பிக்கைத்துளிர்

எல்லாரும் நல்ல விஷயங்களாகச் சொல்கிறீர்கள். ஆனால் கடைசியில் தாங்கித்தான் ஆக வேண்டும், இல்லையா? நம் பாட்டிமார் எல்லாம் வீட்டிலேயே ஒன்பது, பத்து என்று பெற்றவர்கள். இப்போது எல்லாரும் முதுகில் ஊசி கேட்கிறார்கள். அந்த ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி நிற்காது என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். சிசேரியனிலும் முடியுமாம்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்_ஈரோடு

தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அம்மா. இதே வார்த்தையைக் கேட்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டிமார் பெற்றார்கள் என்பது சரி, அவர்களில் எத்தனை பேர் பிழைக்காமல் போனார்கள் என்பதும் நம் வீடுகளில் தெரிந்த கதைதான். வலியைக் குறைக்கக் கேட்பது ஒரு பெண்ணின் குறை ஆகாது.

எபிடூரலைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறேன். அதனால் நீண்ட நாள் முதுகு வலி வருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அது வேறு. பிரசவத்துக்குப் பிறகு முதுகு வலி ஊசி போடாத பெண்களுக்கும் நிறைய வருகிறது. வளைந்து உட்கார்ந்து பால் கொடுப்பதும், தூக்கமில்லாததும், தளர்ந்த மூட்டுகளும் அதற்குக் காரணம். எபிடூரலால் சிசேரியன் கூடுவதும் இல்லை. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், சிலருக்குக் கடுமையான தலைவலி வரலாம். இதையெல்லாம் மயக்க மருந்து டாக்டரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ போட முடியாமல் போகலாம்.

முதுகு வலியோடு பிரசவம் நீண்டு, பெண் முழுசாகச் சோர்ந்துபோன நேரத்தில், ஊசி போட்டு இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, தெம்பாக முக்கிப் பெற்றவர்கள் உண்டு. நான் கண்ணால் பார்த்தது.

கண்ணு, எல்லா அரசு மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்காது. ராத்திரி நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வேறு ஆபரேஷனில் இருக்கலாம். அதனால் அடுத்த செக்கப்பிலேயே கேள்: இங்கே வலிக்கு என்னென்ன தருவீர்கள்? டிரமடால் மாதிரி ஊசி உண்டு, சில இடங்களில் முகமூடி வழியாக இழுக்கும் நைட்ரஸ் வாயு உண்டு. முதுகு வலியை இவை எபிடூரல் அளவுக்கு அடக்காது, ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

சிட்னியிலிருந்து

இந்த முதுகு வலிக்கென்றே இங்கே ஒரு ஊசி போடுகிறார்கள். மருந்து எதுவும் கிடையாது, சுத்திகரித்த வெறும் நீர். நர்ஸ் அக்கா சொன்ன அதே இடத்தில், அந்தத் தட்டை எலும்பைச் சுற்றி நான்கு இடங்களில், தோலுக்கடியில் துளித் துளியாகப் போடுவார்கள். போடும்போது குளவி கொட்டியதுபோல் அரை நிமிடம் சுரீரென்று எரியும். அழுதுவிட்டேன். ஆனால் சில நிமிடங்களில் முதுகு வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. வயிற்று வலி இருந்தது, அதைத் தாங்க முடிந்தது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் நிற்கும், திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். காலும் மரத்துப்போகாது, நடக்கலாம்.

1,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2020இல் வந்தது. உப்பு நீர் போட்டவர்களைவிட வெறும் நீர் போட்டவர்களில் அதிகம் பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது, ஆனால் சிசேரியன் எண்ணிக்கை மாறவில்லை என்று அதில் சொல்கிறார்கள். செலவில்லாத ஒன்று. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். பழகிய கைதான் போட வேண்டும்.

தலைப்பிரசவம்_சேலம்

இன்றைக்கு செக்கப் போயிருந்தேன். இந்த இழையில் வந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அம்மா கடைசிவரை கூட இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் ஊசி இங்கே போடுவதில்லை என்றார் டாக்டர், ஆனால் சிரிக்காமல் காது கொடுத்துக் கேட்டார். எபிடூரல் பகலில் என்றால் முயற்சி செய்யலாமாம். நின்றுகொண்டோ முன்னால் சாய்ந்துகொண்டோ இருக்கலாமா என்று கேட்டதற்கு, இதயத் துடிப்பு பார்க்கும் பெல்ட் கட்டியிருக்கும் நேரத்தில் மட்டும் கட்டிலில் இருக்க வேண்டும் என்றார்.

ஒரு சந்தேகம். அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்கும் முன்பே முக்க வேண்டும்போல் வந்ததாம். முக்காதே என்று சத்தம் போட்டார்களாம். அதை எப்படிச் சமாளிப்பது?

ஓய்வுபெற்ற_நர்ஸ்_ஈரோடு

நல்ல காரியம் செய்தாய். பிரசவத்தில் துணை இருப்பது யாரோ காட்டும் சலுகை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் தெளிவாகவே சொல்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டத்திலும் அது இருக்கிறது. ராத்திரி டியூட்டியில் யாராவது அம்மாவை வெளியே இருக்கச் சொன்னால், செக்கப்பில் டாக்டர் சரி என்றதை அம்மா பணிவாக, ஆனால் விடாமல் சொல்லட்டும்.

பெல்ட் கட்டினாலும் மல்லாந்து படுக்க வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுக்கலாம், சாய்ந்து உட்காரலாம். மேல்காலுக்கு அடியில், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தடித்த தலையணை ஒன்று வை.

நீ கேட்டது இந்த நிலையில் அடிக்கடி வருவதுதான். குழந்தையின் பின்மண்டை மலக்குடல் பக்கம் அழுத்துவதால், கர்ப்பப்பை வாய் திறந்து முடிவதற்குள்ளேயே முக்கத் தோன்றும். உடனே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல், பரிசோதித்துப் பார்க்கட்டும். இன்னும் திறக்கணும் என்றால், முழங்காலை ஊன்றி மார்பைத் தலையணையில் இறக்கிப் பிட்டத்தை உயர்த்திக்கொள், அல்லது ஒருக்களித்துப் படு. மூச்சைப் பிடிக்காமல் ஃபூ, ஃபூ என்று சின்னச் சின்னதாக ஊது. வாயால் ஊதிக்கொண்டிருக்கும்போது முழுப் பலத்தோடு முக்க முடியாது. அம்மா உன் முகத்துக்கு எதிரே நின்று கூடவே ஊதினால் உனக்கு எளிது.

எதை முதுகு வலி என்று விட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 37 வாரத்துக்கு முன்னால் விட்டு விட்டு ஒழுங்காக வரும் இடுப்பு வலி. விடாமல் ஒரேயடியாக வலித்து, வயிறு தளராமல் இறுகியே இருப்பது. இரத்தப்போக்கு. பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது. குழந்தையின் அசைவு குறைவது. காய்ச்சல், குளிரோடு விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வரும் வலி. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்பில் விடாத வலி. இவற்றில் எது வந்தாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காமல் 108ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும்.

அப்பாவாகப்போறேன்

இரண்டு நாளாக மனைவியும் நானும் பழகிக்கொண்டிருக்கிறோம். இடுப்பின் இரண்டு பக்கமும் அமுக்குவது அவளுக்குப் பிடித்திருக்கிறது. உட்கார்ந்து முழங்காலைத் தள்ளுவது ஒத்துவரவில்லை. எது பிடிக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. என் மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், என்னை உள்ளே விடவில்லை என்றால் அவர் பார்த்துக்கொள்வார்.

யாழ்ப்பெண்

பிள்ளை பிறந்த பிறகும் எனக்கு வால் எலும்பு நோ கொஞ்ச நாள் இருந்தது. நேராக இருக்க ஏலாது. இது எல்லாருக்கும் வருமா அக்கா?

மதுரைக்காரி

எல்லாருக்கும் வராது, ஆனால் எனக்கும் இருந்தது. நடுவில் அல்லது பின்பக்கம் வெட்டு விட்ட மெத்தை ஒன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும், அதில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டால் எலும்பில் பாரம் இறங்காது. பால் கொடுப்பதைப் படுத்துக்கொண்டே கொடுத்தேன். பாராசிட்டமால் பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சில வாரங்களில் தானாகக் குறைந்தது. குறையவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். கால் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.